பெறுபேறு வரும்வரை: மலையகத்தில் ஆங்கில இலக்கியத்துக்கான ஆயத்த வாசிப்பு

நுவரெலியாவில் ஏப்ரல் என்றால் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரெகரி ஏரிக்கரை நெடுகக் கொழும்பு வாகனங்கள். ஊரே 'சீசன்' என்று சொல்லும் அந்த மாதம் தோட்டத்தில் வேறு வகைச் சீசன். மார்ச் கடைசியில் மழை விழுந்து செடி துளிர்த்துவிட்டால் ஏப்ரலும் மேயும் கொழுந்து குவியும். அம்மா விடியலில் மலைக்கு ஏறினால் மாலை நிறுவை முடிந்துதான் திரும்ப முடியும். தம்பி தங்கையைப் பார்ப்பது, தண்ணீர் எடுப்பது, அடுப்பு மூட்டுவது எல்லாம் பாடசாலை விடுமுறையில் வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளையின் தலையில். ஆகஸ்ட் விடுமுறையில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் தென்மேற்குப் பருவமழை விடாமல் கொட்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் குடும்பம் முழுவதும் அடைந்து கிடக்கும்போது மூலையில் உட்கார்ந்து நாவல் படிப்பதற்கு அசாத்தியமான மனம் வேண்டும்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 'ஹானர்ஸ்' ஆங்கில வகுப்பில் சேரும் பிள்ளைக்கு, கோடை விடுமுறை தொடங்கும்போதே கையில் ஒரு வாசிப்புப் பட்டியல் வந்துவிடும். பத்து வாரத்துக்குள் இரண்டு மூன்று நூல்களை முடித்து, குறிப்பேடு எழுதி, வகுப்பு திறக்கும் நாளில் அதைப் பற்றிப் பேசத் தயாராக இருக்க வேண்டும். மலையகத்தில் அப்படிப் பட்டியலும் இல்லை, அப்படிக் கோடையும் இல்லை. அதற்கு இணையான நீண்ட இடைவெளி ஒன்று மட்டும் இருந்துவந்திருக்கிறது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்த நாளுக்கும் உயர்தர வகுப்பின் முதல் நாளுக்கும் நடுவே கிடக்கும் மாதங்கள்தான் அவை.

டிசம்பரில் பரீட்சை, மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ பெறுபேறு, அதன் பிறகு உயர்தர வகுப்பு என்பதே நெடுநாள் வழக்கம். கொவிட் வந்து அந்த நாட்காட்டியைக் குலைத்தது. 2020க்குரிய சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சில் நடந்தது. 2021க்குரியது 2022 மேயில், 2023க்குரியது 2024 மேயில், 2024க்குரியது 2025 மார்ச்சில். மாதங்கள் இடம் மாறினவே தவிர, காத்திருப்பு போகவில்லை. 2025 மார்ச்சில் எழுதியவர்களுக்குப் பெறுபேறு கிடைத்தது ஜூலையில்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த மாதங்களை ஓய்வு என்று சொல்ல முடியாது. பாதை இரண்டாகப் பிரிவது இங்கேதான். "சும்மாதானே இருக்கே, ரிசல்ட் வரும் வரைக்கும் கொழும்புல போய் நாலு காசு பாத்துட்டு வாயேன்" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் நாள் சம்பளம் நிர்ணயிக்கப்பட்ட வீடுகள் இவை. புறக்கோட்டைக் கடையில் சரக்கு அடுக்கவும், வெள்ளவத்தை ஹோட்டலில் மேசை துடைக்கவும், ஆடைத் தொழிற்சாலைக்கும் பிள்ளைகள் போகிறார்கள். பெறுபேறு வந்ததும் சிலர் திரும்புகிறார்கள், சிலர் திரும்புவதில்லை. திரும்புகிறவர்களிலும் பலருக்குக் கடைசியாகப் புத்தகத்தைத் தொட்டது எப்போது என்பதே மறந்திருக்கும். ஆங்கிலம் போல, வீட்டில் ஒருவரும் பேசாத மொழியில் இந்த இடைவெளி ஏற்படுத்தும் சேதம் மற்றப் பாடங்களில் ஏற்படுவதைவிட அதிகம்.

உயர்தரத்தில் எல்லோரும் எழுதும் 'பொது ஆங்கிலம்' பற்றி நான் பேசவில்லை. அதன் புள்ளி பல்கலைக்கழகத் தெரிவில் சேராது என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும், அதற்கேற்ற மரியாதையைத்தான் அதற்குத் தருகிறார்கள். கவிதை, நாடகம், நாவல் என்று ஆங்கில இலக்கியத்தைத் தனிப் பாடமாக எடுக்கும் துணிவைப் பற்றியே இங்கே பேச்சு. நுவரெலியா மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் அந்தத் துணிவுக்கு இடமளிப்பவை குறைவு. கலைப் பிரிவு என்றதும் தமிழ், புவியியல், அரசியல் விஞ்ஞானம், இந்து நாகரிகம் என்று கை தானாகவே எழுதிவிடும். இத்தனைக்கும் ஆங்கில இலக்கியத்தில் பெயர்பெற்ற பேராதனைப் பல்கலைக்கழகம் மலை இறங்கினால் வந்துவிடுகிறது. லூடோவைக் போன்ற பேராசிரியர்களை அடித்தளமாகக் கொண்டு, 1952இல் பேராதனைக்குக் குடிவந்த பல்கலைக்கழகம் அது. ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகிற பிள்ளை அதன் வழியாகத்தான் போகிறது. உள்ளே போய் ஆங்கிலத்தில் சிறப்புப் பட்டம் படிப்பது மட்டும் மலையகத்தில் அபூர்வம்.

இதற்கு ஒரு சரித்திரம் உண்டு, அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மொழிக்கான ஆயத்த நூல் தோட்டத்துக்கு வராமல் இல்லை. வந்தது துரைமாருக்கு. டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் 1915இல் 'கூலித் தமிழ்' என்ற பெயரில் ஒரு கைநூல் வெளியிட்டார். புதிதாகக் கப்பலேறி வந்த சின்னத்துரை பெரட்டுக் களத்தில் நின்று ஏவுவதற்கும் அதட்டுவதற்கும் எந்த அளவு தமிழ் தேவையோ அந்த அளவு தமிழ் அதில் இருந்தது. மு. நித்தியானந்தன் 2014இல் அதே பெயரில் எழுதிய நூலில் இந்த வகை இலக்கியத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஏவுகிறவர் தொழிலாளியின் மொழியைப் பாடமாகப் படித்துப் பயின்றார். ஏவலை ஏற்கிறவருக்கு ஏவுகிறவரின் மொழியைக் கற்பிக்க ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

1907ஆம் ஆண்டுச் சட்டமும் 1920ஆம் ஆண்டுச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டன. அந்தப் பொறுப்பின் பலன் பெரும்பாலும் ஒற்றை ஆசிரியர், ஒற்றை அறை, ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தபோது தோட்டப் பாடசாலை வெளியே நின்றது. 1960, 61இல் அரசு மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் அதன் நிலை மாறவில்லை. எழுபதுகளின் நடுவிலிருந்துதான் அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. அதற்குள் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கி ஒரு தலைமுறை கடந்திருந்தது. ஆங்கிலம் வேண்டுமானால் ஹட்டனில் மெதடிஸ்த, கத்தோலிக்க மிஷன் பாடசாலைகள் இருந்தன. அங்கே போகக் கட்டணம் வேண்டும், டவுனில் தங்க இடம் வேண்டும். கங்காணி வீட்டுப் பிள்ளைக்கும் கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளைக்கும் அது இயன்றது, கொழுந்து பறிப்பவரின் பிள்ளைக்கு இயலவில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை அந்தக் குறுகிய கதவு வழியாக உள்ளே போனவர். 1914இல் மடகும்பரைத் தோட்டத்தில் கங்காணிக் குடும்பத்தில் பிறந்து, ஹட்டனிலும் கொழும்பு நாலந்தாவிலும் படித்தார். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு தொகுதிகளில் ஒன்றான தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் போனார். 1954இல் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய தம் நெடுங்கவிதையை ஆங்கிலத்தில் வெளியிட்டார். மலையகத்தின் வாழ்வைச் சொல்லும் முக்கியமான கவிதை ஒன்று ஆங்கிலத்தில் பிறந்து பிறகு தமிழுக்கு வந்தது என்பதை இன்றும் பல உயர்தர மாணவர்கள் வியப்போடுதான் கேட்கிறார்கள்.

விடுமுறை வாசிப்பைப் பற்றி வெளிநாட்டில் நடந்த ஆய்வுகளை இங்கே கொண்டுவருவதில் கவனம் வேண்டும். பார்பரா ஹைன்ஸ் 1978இல் அட்லாண்டா நகரப் பிள்ளைகளைப் பற்றி எழுதிய நூலும், பால்டிமோரில் 1982 முதல் ஒரே பிள்ளைகளைப் பல்லாண்டு பின்தொடர்ந்த கார்ல் அலெக்சாண்டர் குழுவின் ஆய்வும் ஒரே திசையைக் காட்டின. பள்ளி நடக்கும்போது ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறுகிறார்கள், கோடையில்தான் இடைவெளி விரிகிறது என்பது அவர்கள் முடிவு. 2007இல் அலெக்சாண்டர் குழு, ஒன்பதாம் வகுப்பில் காணும் வாசிப்பு வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஆரம்ப வகுப்புக் கோடைகளே காரணம் என்று எழுதியது. பிறகு பால் வான் ஹிப்பல் 2019இல், அந்த அளவீட்டு முறையிலேயே கோளாறு இருக்கலாம் என்று கேள்வி எழுப்பினார். வழக்கு இன்னும் முடியவில்லை. என்னைப் பொறுத்தவரை கோடை எவ்வளவு அழிக்கிறது என்ற கணக்கைவிட, கோடையில் புத்தகம் கொடுத்தால் என்ன ஆகிறது என்ற கேள்விதான் நமக்குப் பயன்படும். ரிச்சர்ட் அலிங்டனும் ஆன் மெக்கில்-பிரான்சனும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைப் பிள்ளைகளுக்குக் கோடைதோறும் பன்னிரண்டு நூல்கள் கொடுக்கப்பட்டன, மூன்று ஆண்டுகள். நூல்களைத் தெரிவுசெய்தது பிள்ளைகளே. வாசிப்புத் தேர்ச்சியில் தெரிந்த ஏற்றம் கோடைப் பள்ளி நடத்திக் கிடைக்கும் ஏற்றத்துக்குக் குறையவில்லை.

அதைவிட நமக்குப் பக்கத்துச் சான்று பிஜியிலிருந்து வருகிறது. வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் 1980இல் அங்குள்ள கிராமப் பள்ளிகளைத் தெரிந்தெடுத்து, வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொட்டினார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், வீட்டில் ஆங்கிலம் இல்லாதவர்கள். இலக்கணப் பயிற்சியோடு நின்ற வகுப்புகளைக் கதை படித்த வகுப்புகள் வாசிப்பில் வெகுவாக முந்தின, இரண்டாம் ஆண்டில் எழுத்திலும் இலக்கணத்திலும்கூட முந்தின. அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர், கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன இந்தியத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள். தொண்ணூறுகளில் எல்லியின் அதே முறை இலங்கையின் சிறு பாடசாலைகளிலும் சோதித்துப் பார்க்கப்பட்டு நல்ல பலன் தந்தது. பலன் தெரிந்த பிறகும், நம் டியூஷன் வகுப்புகள் பழைய வினாத்தாளையும் 'நோட்ஸ்' பிரதியையும் தாண்டவில்லை.

நோட்ஸ் என்ற இந்தச் சங்கதியில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கிய நயம் ஒரு தொகுதிப் பாடம். அண்மை ஆண்டுகளின் பாடத்திட்டத்தில் நாவல்களாக மார்க் ட்வெய்னின் 'இளவரசனும் ஏழையும்', ஆர். கே. நாராயணின் 'தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்', திஸ்ஸ அபேசேகரவின் 'பிரிங்கிங் டோனி ஹோம்' இருந்தன. நாடகத்துக்குச் செகோவின் 'கரடி', ஜப்பானியர் கினோஷிதா ஜுன்ஜியின் 'ட்வைலைட் ஆஃப் அ கிரேன்'. கவிதையில் பிளேக், கீட்ஸ், டென்னிசன், எமிலி டிக்கின்சன் தொடங்கி நைஜீரியாவின் கேப்ரியல் ஒகாரா, போலந்தின் சிம்போர்ஸ்கா, நம் நாட்டு யஸ்மின் குணரத்ன வரை. உரைநடையில் குமார் சங்கக்காரவின் உரையிலிருந்துகூட ஒரு பகுதி. பட்டியல் மோசமானதல்ல, தெரிவுசெய்தவர்களுக்கு ரசனை இருந்திருக்கிறது. மோசம் என்னவென்றால், தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் இதில் நாவலைப் படிப்பதில்லை, நாவலின் சுருக்கத்தைப் படிக்கிறார்கள். பாத்திரப் பண்பு ஐந்து, கருப்பொருள் நான்கு, மனப்பாடம், பரீட்சை. நூலின் விலை ஒரு நாள் சம்பளத்துக்குள் அடங்காது, போட்டோக் கொப்பி நோட்ஸ் அடங்கிவிடும் என்பது ஒரு காரணம். நேரமின்மை இன்னொரு காரணம். ஒன்பது பாடங்களுக்கு நடுவே முழு நாவலுக்கு இடம் இல்லை. பரீட்சை முடிந்தபின் வரும் மாதங்களில் அந்த இடம் இருக்கிறது. சுருக்கம் படித்துச் சித்தியெய்திய நாவலை அப்போதாவது முழுதாகப் படிக்கலாம், உயர்தரத்துக்கு அதைவிட நல்ல ஆயத்தம் எனக்குத் தெரியவில்லை.

'தி வெண்டர் ஆஃப் ஸ்வீட்ஸ்' 1967இல் வந்தது, இருநூறு பக்கத்துக்கும் குறைவு. ஜகன் என்ற மிட்டாய்க் கடைக்காரர். கடையில் எண்ணெய் காயும் சட்டியையும் கையிலுள்ள பகவத்கீதையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பவர். காந்தி வழி என்பார், கல்லாப்பெட்டிப் பணத்தில் ஒரு பங்கைக் கணக்கில் காட்டமாட்டார். அமெரிக்கா போய்த் திரும்பும் மகன், கதை எழுதும் இயந்திரம் செய்ய முதல் கேட்கிறான். அப்பாவும் மகனும் ஒருவரோடொருவர் நேரே பேச முடியாமல் நடுவில் ஒரு உறவுக்காரரை வைத்துப் பேசுகிறார்கள். கொழும்பு ஆங்கில வீட்டுப் பிள்ளைக்கு இதில் பாதியை ஆசிரியர் விளக்க வேண்டியிருக்கும். தலவாக்கலைப் பிள்ளைக்கு விளக்க என்ன இருக்கிறது? விபூதி பூசிய பெரியவர், வட்டிக் கணக்கு, அப்பாவுக்கு மகன்மீது பயம், எல்லாம் பார்த்து வளர்ந்தது. தடை ஆங்கிலச் சொல் மட்டுமே, அதுவும் நாராயணின் ஆங்கிலம் எளிமைக்குப் பேர்போனது. 'ட்வைலைட் ஆஃப் அ கிரேன்' இன்னும் நெருக்கம். கொக்கு ஒன்று பெண்ணாக வந்து, தன் இறகையே பிடுங்கிப் பிடுங்கித் துணி நெய்கிறாள். கணவனோ, வியாபாரிகளின் பேச்சில் மயங்கி, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கேட்கிறான். நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று பறித்துக் கொடுத்தே முதுகு வளைந்த பாட்டியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த நாடகத்தின் உள்ளே போகப் படிக்கட்டு தேவையில்லை. யஸ்மின் குணரத்னவின் கவிதை 1983 ஜூலையைப் பற்றியது. மலையகத்தில் அந்த மாதத்தையும், அதற்கு முந்திய 1977, 1981 கலவரங்களையும் நினைவில் வைத்திருக்கும் பாட்டன் பாட்டிகள் எத்தனையோ வீட்டில் உண்டு. வன்னிக்குப் பெயர்ந்துபோன உறவினர் இல்லாத லயமும் குறைவு. நோட்ஸ் இந்தச் சாதகங்கள் அத்தனையையும் பிள்ளையிடமிருந்து பறித்துவிட்டு, 'கருப்பொருள் நான்கு' என்பதை அதன் கையில் கொடுக்கிறது.

நாராயணின் வாழ்க்கையிலேயே இந்தக் காத்திருக்கும் மாதங்களுக்கு முன்னுதாரணம் உண்டு. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அவர் தோற்றார், அதுவும் ஆங்கிலத்தில். 1920களின் நடுவில் நடந்தது. அந்த ஓராண்டு முழுவதும் வீட்டிலிருந்து படித்தார், எழுதிப் பழகினார். அவர் தந்தை மைசூரில் தலைமையாசிரியர், பள்ளி நூலகம் மகனுக்கு எப்போதும் திறந்திருந்தது. நாவல்களோடு லண்டன் சஞ்சிகைகளும் அங்கே வந்தன. 'மை டேஸ்' என்ற தன்வரலாற்றில் அவரே இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டில் ஒரு கடையில் வேலைக்குப் போயிருந்தால் அவர் கதைகளின் மால்குடி என்ற ஊரே இல்லாமல் போயிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படி நிரூபிக்க யாராலும் முடியாது. ஆனால் தலைமையாசிரியர் தந்தையாக இல்லாத பிள்ளைக்கு விடுமுறையில் பாடசாலை நூலகம் திறக்கப்படுவதில்லை. மலையகப் பாடசாலைகளில் அலமாரி நூல்கள் தவணைக் கடைசி நாளன்று எண்ணி உள்ளே வைத்துப் பூட்டப்படுகின்றன. வாசிக்க நேரம் கிடைக்கும் வாரங்களில் நூலுக்குப் பூட்டு. தொலைந்தால் அதிபர் பதில் சொல்ல வேண்டும் என்ற அச்சம் புரிகிறது. ஆனால் படிக்கப்படாமல் பூஞ்சணம் பிடித்து அழியும் நூலுக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

இனி, எதிலிருந்து தொடங்குவது? பரீட்சை நாவலிலிருந்தா? நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் ஒரு கணக்குச் சொன்னார். துணையில்லாமல் ஆங்கில நாவல் ஒன்றைப் படிக்க எட்டாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண தரம் முடித்த தோட்டத்துப் பிள்ளை அதற்கு வெகு தூரத்தில் நிற்கும். இந்த இடத்தில் இலக்கணப் புத்தகத்தைக் கையில் திணிப்பது வழக்கம். அதற்குப் பதிலாக, கதையை முன்கூட்டியே தமிழில் தெரிந்துகொண்டு ஆங்கிலத்துக்குள் போகலாம். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்தால், தெரியாத சொல் வந்து கையைப் பிடித்து நிறுத்தாது. அது என்னவாக இருக்கும் என்று கதையே சொல்லிவிடும். தேயிலையைப் பற்றியே, தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் மூன்று சோடி நூல்கள் நமக்கு வாய்த்திருக்கின்றன. வேறெந்தத் தொழில் சமூகத்துக்கு இப்படி வாய்த்திருக்கிறதோ தெரியாது.

முதல் சோடி கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'. தமிழகத்துக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்களின் கதை, 1964இல் தமிழில் வந்தது. பின்னாளில் ஆசிரியையே அதை ஆங்கிலத்தில் ஆக்கினார், 2006இல் 'மிராஜ்' என்ற பெயரில் வெளியானது. எழுதியவரே மொழிமாற்றியதால் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. இரண்டும் ஒரே குரல். லயம், கங்காணி, துண்டு, கடன் எல்லாம் ஆங்கிலத்தில் எப்படி நிற்கின்றன என்று பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே போகலாம்.

இரண்டாவது கடலுக்கு அப்பாலுள்ளது. பி. எச். டேனியல் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். வால்பாறைப் பக்கத்துத் தொழிலாளரின் துயரத்தை ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்று 1969இல் எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று 2007இல் தமிழாக்கினார். பாலாவின் 'பரதேசி' படம் 2013இல் அதைத் தழுவி வந்தது. படத்தைப் பார்த்த பிள்ளை தமிழ் நூலுக்குப் போகும், தமிழ் நூலைப் படித்த பிள்ளை ஆங்கிலத்தைத் திறந்து பார்க்கும். படத்தை நாவலோடு ஒப்பிட்டு எங்கெங்கே இயக்குநர் கதையை மாற்றியிருக்கிறார் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால், அந்தப் பிள்ளை உயர்தர ஆங்கிலக் கட்டுரையின் முதல் பயிற்சியை அறியாமலே முடித்துவிடும். தமிழகத் தோட்டமும் இலங்கைத் தோட்டமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்பதும் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டே எழுதக்கூடிய விஷயம்.

மூன்றாவது வேலுப்பிள்ளையின் கவிதை. 1954இல் வந்த அதைச் சக்தீ பால-ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று 1969இல் தமிழுக்குக் கொண்டுவந்தார். பால-ஐயா தாமே கவிஞர், மூலத்தோடு நிறையச் சுதந்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதைக் குறை என்று சொல்பவர்களும் உண்டு. ஆயத்த வாசிப்புக்கு அதுவே பலம் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் அடங்கியிருந்த குரல் தமிழில் எந்த இடத்தில் உயர்கிறது, எது கூடியிருக்கிறது, எது விட்டுப்போயிருக்கிறது, ஏன்? இலக்கிய வகுப்பு ஒரு மாணவரிடம் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான். கீட்ஸின் நைல் நதிக் கவிதையை வைத்துக் கேட்டால் பிள்ளை வாய் திறக்காது. விடியக் காலைத் தப்பும் கொழுந்துக் கூடையும் வரும் கவிதையை வைத்துக் கேட்டால் பேசும், முதலில் தமிழில். தமிழில் பேசட்டும். இலக்கியத்தைப் பற்றிப் பேசக் கற்றபிறகு அதே பேச்சை ஆங்கிலத்தில் சொல்லப் பழகுவது இரண்டாவது வேலை. இரண்டையும் ஒரே நாளில் கேட்பதால்தான் பிள்ளைகள் நோட்ஸுக்கு ஓடுகிறார்கள்.

சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கிய நயமும் தமிழ் இலக்கிய நயமும் ஒரே தொகுதியில் இருக்கின்றன, ஒன்றை எடுத்தால் மற்றதை எடுக்க முடியாது. நடனம், சங்கீதம், சித்திரம், நாடகம் எல்லாமே அதே தொகுதிதான். நன்றாகத் தமிழ் வாசிக்கிற பிள்ளை தமிழ் இலக்கியத்தை எடுக்கும், ஆங்கில இலக்கியத்தை ஒருபோதும் தொட்டிருக்காது. ஆனால் உயர்தர ஆங்கிலத்துக்கு மலையகத்தில் பொருத்தமானவர் அந்தப் பிள்ளைதான் என்று நினைக்கிறேன். உவமையும் முரணும் தொனியும் அதற்கு ஏற்கெனவே தெரியும். ஆங்கில வாசிப்புப் பழக்கம் ஒன்றுதான் இல்லை. தொகுதி முறை தடுத்ததைக் காத்திருக்கும் மாதங்கள் ஓரளவு ஈடுசெய்யக்கூடும்.

பணமில்லாமலும் கொஞ்ச தூரம் போகலாம். ட்வெய்னின் நாவல் 1881இல் வந்தது, செகோவின் 'கரடி' 1888, ஆஸ்கார் வைல்டின் 'குயிலும் ரோஜாவும்' அதே ஆண்டு, சாக்கியின் 'லம்பர் ரூம்' 1914. இவற்றின் ஆங்கில மூலங்களுக்கும் பழைய மொழிபெயர்ப்புகளுக்கும் பதிப்புரிமை முடிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. குட்டன்பர்க் இணையத்தளத்திலிருந்து கைபேசிக்கு இறக்கிக்கொள்ள, ஒரு சினிமாப் பாட்டைப் பார்க்கச் செலவாகும் டேட்டாவிலும் குறைவுதான் ஆகும். சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஒருமுறை நின்று இறக்கிக்கொண்டால் பிறகு சிக்னல் வேண்டியதில்லை. 2020, 2021இல் இணைய வகுப்புக்காக மலையுச்சிக்கு ஏறிய பிள்ளைகளுக்கு அந்த மேடு எதுவென்று சொல்லித்தர வேண்டியதுமில்லை. தமிழ்ப் பக்கத்துக்கு, 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன. சிறு திரையில் நாவல் படிப்பது கண்ணுக்கு நல்லதல்ல என்பது உண்மை. இல்லாத நூலைவிட அது மேல். நாளொன்றுக்கு நான்கு பக்கம் என்றாலும் நாராயணின் நாவல் ஏழு வாரத்தில் முடிந்துவிடும். கடைக்கு வேலைக்குப் போன பிள்ளைகூட இரவில் நான்கு பக்கம் புரட்டலாம், அதன் கையிலும் கைபேசி இருக்கிறது.

கல்வியமைச்சு 2024இல் பெறுபேறு வரும்வரை காத்திராமல், பரீட்சை முடிந்த அடுத்த மாதமே உயர்தர வகுப்புகளைத் தொடங்கியது. பிள்ளைகள் படிப்பை விட்டு விலகாமலிருக்க அது நல்ல முடிவு, மலையகத்துக்கு மிகவும் நல்ல முடிவு. ஆனால் அதோடு வாசிப்புக்கான இடைவெளி சில வாரங்களாகச் சுருங்கிவிட்டது. அப்படியானால் பட்டியல் பரீட்சையின் கடைசி நாளன்றே பிள்ளையின் கையில் இருக்க வேண்டும், நூலும் சேர்த்து. ஆசிரியர் நேரில் இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை நூலைப் பற்றிப் பேச யாராவது இருக்க வேண்டும்.

அந்த 'யாராவது' கொட்டகலைப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள். பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, தோட்டப் பாடசாலைகளுக்கான ஆசிரியர்களை உருவாக்கவென்றே ஜெர்மானிய உதவியோடு தொடங்கப்பட்டது. அங்கே ஆங்கிலம் பயிலும் ஆசிரிய மாணவர்களில் பலர் லயத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் விடுமுறைக்குப் போவதும் தோட்டத்துக்குத்தான். கையில் மூன்று சோடி நூல்களும், தங்கள் தோட்டத்திலேயே பரீட்சை முடித்து உட்கார்ந்திருக்கும் நான்கைந்து பிள்ளைகளும், கோயில் மண்டபத்திலோ பிள்ளைக்காம்பராவிலோ ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலமும் கிடைத்தால் போதும். பயிற்சிக் காலத்தில் இதற்கொரு மதிப்பெண் வைப்பதா, தொண்டாக விடுவதா என்பதைக் கல்லூரி தீர்மானிக்கலாம். மதிப்பெண் வைப்பதே மேல் என்பேன், தொண்டு இரண்டாவது ஆண்டில் தளர்ந்துவிடும். எந்தச் சோடியை முதலில் எடுப்பது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருப்பேன்: வேலுப்பிள்ளை. பாடத்திட்டத்தின் அந்தக் கவிதைப் பட்டியலில் நைஜீரியாவும் போலந்தும் இருந்தன, மடகும்பரை இல்லை. பரீட்சைக்கு வராததைப் படிப்பதில் என்ன பயன் என்று பெற்றோர் கேட்டால், பரீட்சைதான் முடிந்துவிட்டதே என்று பிள்ளையே பதில் சொல்லிக்கொள்ளும்.